டக் ரெம்பலின் எதிர் நாற்காலி

என் வீட்டுக்காரர் ஆர்லன் கூபாட் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவருடைய பொறாமையெல்லாம் வானொலியில் பேசும் ஒரு பொம்பளை மேல்தான்.

காலையில் வானொலியில் டக் ரெம்பலின் அரசியல் நிகழ்ச்சி தொடங்கியதும் முதல் போன் இவருடையது. சோளக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அதே பிழைப்பு. சொத்து வரி, எல்லைக் காவல், வரலாற்றுப் பாடம் என்ற பெயரில் முன்னோர்களைத் திட்டக் கற்றுக்கொடுப்பது, எதையும் விடமாட்டார், வெளுத்து வாங்குவார். "ஆர்லன் அண்ணே, நீங்கதான் நம்ம நெப்ராஸ்கா மாநிலத்தோட மனசாட்சி" என்று டக் சொல்லிவிட்டால் அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. அதில் பாதிப் பேச்சையாவது என்னிடம் பேசியிருந்தால் நான் ஏன் அந்த வானொலியைக் கரித்துக்கொட்டப்போகிறேன்! அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஒலிபரப்பு அறையில், டக்குக்கு எதிர் நாற்காலியில், ஒரு மணி நேரம் விருந்தினராக உட்கார வேண்டும்.

அப்போதுதான் லிங்கன் நகரத்திலிருந்து லான் அம்மாள் பேச ஆரம்பித்தாள். வியட்நாம்காரி, நக அலங்காரக் கடை வைத்திருப்பவள். "கம்யூனிஸ்ட்காரங்ககிட்டேருந்து படகுல தப்பி வந்தவ நான். இந்த அமெரிக்கக் கொடியோட அருமை எனக்குத் தெரியும்" என்றாள். டக் உருகிப்போனார். மறுநாள் முதல் அழைப்பு அவளுக்கு. அடுத்த வாரம் அந்த நாற்காலியும் அவளுக்கு.

ஆர்லன் தட்டிலிருந்த முட்டையைத் தொடவே இல்லை.

"நான் சொல்றதைத்தானே அவளும் சொல்றா?"

"அவ படகுல வந்தாளேங்க."

"நான் எங்கேருந்துடி தப்பி வர்றது? பொறந்ததே இங்கதானே!"

அந்த வாரம், பூர்வகுடிகளைக் கொடுமைப்படுத்தியவர் பெயர் எதற்கு என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கு இருந்த கொலம்பஸ் பெயரை மாற்றும் சண்டை. மாற்றக் கூடாதென்று வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கியவர் இவர். லான் அம்மாளும் அதையே சொல்ல வானொலிக்கு வந்தாள். இவர் விருட்டென்று என் கைபேசியை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போனார். வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, "ஒமாஹாலேருந்து கேரி பேசறேன்" என்றார்.

ஐயோ, என்ன பேச்சு! "கொலம்பஸ் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே அம்மா? பிள்ளைங்க முழுக் கதையையும் படிச்சா நாடு இடிஞ்சா விழுந்துடும்?" எதிர்க்கட்சிக்காரர்களோடு அத்தனை வருஷம் மல்லுக்கட்டியவர் ஆயிற்றே, அவர்கள் சொல்வதெல்லாம் இவருக்கு அத்துப்படி. லான் அம்மாள் திணறிப்போனாள். கொட்டகையில் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

டக் சிரித்தார். "கேரி, நீ சொன்னதுல ஒண்ணுகூட எனக்குச் சம்மதமில்ல. ஆனா இவ்வளவு தெளிவா பேசுற ஆள் என் நிகழ்ச்சிக்கு வந்ததே இல்லப்பா. வெள்ளிக்கிழமை நேர்ல வா. ஒரு மணி நேரம் என் எதிர்ல உட்கார்ந்து மோது."

துண்டு இவர் கையிலிருந்து நழுவியது.

மறுநாள் காபிக் கடையில் கூட்டாளிகள் எல்லாரும் கொதித்தார்கள். "அந்தக் கேரி வரட்டும். வாசல்லயே நின்னு மூஞ்சியைப் பார்த்துடுவோம். நீயும் வர்றியா ஆர்லன்?" என்றார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கெஞ்சினேன். "நான்தான்னு டக்கிட்ட சொல்லிடுங்க. சிரிச்சுட்டு விட்டுடுவாரு."

"சொன்னா நாற்காலி போயிடுமே."

"போனா போகட்டும்! கூட்டாளிங்க நாளைக்கு மூஞ்சில முழிப்பாங்களா?"

அவர் வானொலிப் பெட்டியின் தூசியைத் துடைத்தார். பிறகு, "நம்ம பக்கம் நின்னு பேசினப்ப ஒருநாள்கூட உள்ள கூப்பிடலையே, வெல்டா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் முகத்தை மழுங்கச் சிரைத்துவிட்டு, அலமாரியில் பத்திரமாக மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார். எங்கள் கல்யாண நாளுக்குக்கூட அதை அவர் கேட்டதில்லை.