நாலு வேலை மிசினும் நழுவிய கழுத்தும்

நாலு வேலை மிசினைத் திரும்ப எடுத்துக்கொண்டு, புல் மட்டும் வெட்டும் தனி மிசின் தருவதாக இன்று மதியம் கடைக்காரரே தன் வாயால் ஒப்புக்கொண்டார்.

விற்கும்போது சொன்னது வேறு. "ஒரே இன்ஜின் அண்ணாச்சி. தலையை மாத்தி மாட்டினா புல் வெட்டும், கிளை அறுக்கும், வேலி கத்தரிக்கும், சருகு ஊதும். தனித்தனியா எதுக்கு வாங்குதீக?"

சீமைக்கருவேலக் கிளையை அறுக்கும்போது, தலையை மாட்டும் கழுத்து நழுவிவிட்டது. அதோடு நாலு வேலையும் நின்றது.

என் பின்வேலியை ஒட்டிப் பட்டாசு கம்பெனி. வேலி நெடுக முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல். ஒரு பொறி போதும். மூன்று முறை மிசின் கடைக்குப் போய்ச் சொன்னேன். "கருவேலத்தை வெட்டினது உங்க தப்பு" என்றார் கடைக்காரர். விருதுநகர் மாவட்டத்தில் வேறு எதை வெட்டுவது?

இன்று மிசினோடு போய்க் கடை வாசலில் உட்கார்ந்தேன். சண்டை போடவில்லை. வருகிறவர்களுக்கு அதன் ஆடும் கழுத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்.

"உள்ள வாங்க அண்ணாச்சி, டீ சாப்பிடுவோம்."

"இருக்கட்டும். இங்கன நல்லா காத்து வருது."

அதே மிசினைக் கேட்டு வந்த சாத்தூர்க்காரர் கழுத்தை ஆட்டிப் பார்த்தார். "ஏங்க, வாங்க போவோம்" என்று கூட வந்த மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். மூன்றாவது ஆளும் திரும்பிப் போன பிறகுதான் கடைக்காரர் இறங்கி வந்தார்.

தனி மிசின் மதுரையிலிருந்து வெள்ளிக்கிழமை வருமாம். அதுவரை புல் அறுக்கப் பன்னருவாளும் என் இடுப்பும்தான்.

வராவிட்டால், சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள். இந்தப் பழைய மிசினோடு துணைக்கு வருகிறேன்.