அண்ணன் திருத்திய ஒரு பக்கம்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை வெள்ளைச் சீருடையில், நிமிர்ந்து நிற்கும் கடற்படை அதிகாரியாகவே நினைவில் வைத்திருப்பீர்கள். அந்தப் படத்தில் தெரியாத ஒன்றைத் தங்கையாகிய நான் இங்கே எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தகப்பனாருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினைந்து வயது. அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போய் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். கடற்படைப் பயிற்சிக்குத் தேர்வாகி இங்கிலாந்து போன அண்ணன், மாதந்தோறும் கடிதம் எழுதுவார். பனிமூட்டத்தில் கப்பல் எதுவும் தெரியாது, மணியோசை மட்டும் கேட்கும் என்று ஒருமுறை எழுதியிருந்தார். அந்த ஓசையைக் கற்பனையில் கேட்டபடியே நான் பல நாள் கண்ணயர்ந்திருக்கிறேன்.

திரும்பி வந்து சில ஆண்டுகள் கப்பலில் இருந்தார். பிறகு இளம் அதிகாரிகளுக்குக் கடல்வழி கணிக்கும் பாடம் நடத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அந்தக் காலத்தில் கடற்படை அதிகாரிகள் எப்படிப் பயின்றார்கள் என்பதைக் காட்டும் தாள்களைத் திரட்டுவதாகச் சொன்னார். அண்ணனிடம் இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய இருந்தன. கடிதங்கள், வரைபடங்கள், பாடக் குறிப்புகள், மாணவர்களின் பயிற்சி ஏடுகள், அவர்களைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைகளின் படிகள்.

மதிய வேளைகளில் இருவரும் உட்கார்ந்து பிரிப்போம். மின்விசிறிக் காற்றில் வரைபடங்கள் மெல்ல எழுந்து தாழும். நீலத்தில் எங்கோ விரலை வைத்து, "இங்க தண்ணி பச்சையா இருக்கும்மா," என்பார். எங்கள் கூடமே கரையை விட்டு நகர்ந்து போய்க்கொண்டிருப்பது போல எனக்கும் தோன்றும்.

ஒரு நாள் தனபாலன் என்ற மாணவரின் ஏடு கைக்கு வந்தது. அந்தி நேரத்தில் நட்சத்திரங்களின் உயரத்தைக் கருவியால் அளந்து, கப்பல் நிற்கும் இடத்தைக் கணிக்கும் பயிற்சி அது. அன்று அண்ணன் அளந்து முடித்ததும் வானம் மூடிக்கொண்டதாம். தனபாலனின் விடை அண்ணனுடைய விடையிலிருந்து பத்து மைல் விலகியிருந்தது. 'நட்சத்திரங்களைப் பார்க்காமலே எண்களை எழுதியவர். நேர்மையற்றவர்' என்று அண்ணன் அறிக்கை கொடுத்தார். தனபாலனைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அண்ணன் பென்சிலை எடுத்து அந்தக் கணக்கை மறுபடி போட்டார். பிறகு தம் பழைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தார். அன்று கப்பலின் கடிகாரம் இருபது நொடி முந்தி ஓடியிருக்கிறது. கணக்கில் அந்த இருபது நொடியைக் கழித்திருக்க வேண்டும். தனபாலன் கழித்திருந்தார். அண்ணன் கூட்டியிருந்தார்.

"பையன் பார்த்திருக்கான்மா," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அறிக்கையுடன் தம் தவற்றை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றையும் இணைத்துக் காப்பகத்துக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கோலாலம்பூரிலிருக்கும் எங்கள் தம்பி தொலைபேசியில் பதறினான்.

"எதுக்குண்ணே இது? பேசாம அந்தப் பேப்பரை எடுத்துருங்க. நம்ம பேரு கெட்டுப் போகும்லா."

"அவன் பேரு நாப்பது வருஷமா கெட்டுக் கெடக்கு, தம்பி," என்றார் அண்ணன்.

பழைய நண்பர்களிடம் விசாரித்ததில், தனபாலன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கடலுக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் இருப்பதாகத் தெரிந்தது. நான்தான் காரை ஓட்டினேன். பாலத்தில் போகும்போது கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அண்ணன் வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தனபாலன் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை.

"அந்தக் கணக்கு நீங்க போட்டதுதான் சரி, தனபாலன். தப்பு என்னோடது. மன்னிப்புக் கேட்க வந்தேன்."

தனபாலன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேகம் ஒரு நிமிஷந்தான் வெலகுச்சு சார். நான் பார்த்தேன்," என்றார். பிறகு, "எங்கப்பா சாகுற வரைக்கும் நான் பொய் சொன்னதாலதான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு நெனச்சாரு," என்றார்.

அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். காப்பகத்துக்கு எழுதிய கடிதத்தைத் தனபாலன் வாங்கி இரண்டு முறை படித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எங்களைக் கார்வரை வந்து வழியனுப்பினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். இருவரும் பழைய கணக்குகளை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள், சிரிப்பும் கேட்கும்.

கடைசி நாட்களில் அண்ணன் கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில் இருந்தார். மருத்துவமனைக் கட்டில் அவருக்குக் கப்பலாகிவிட்டது. ஒரு காலையில், "தெசை என்ன?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த தனபாலன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வடமேற்கு சார். கடல் அமைதியா இருக்கு," என்றார். அண்ணன் கண்களை மூடிக்கொண்டார். மறுநாள் அமைதியாக இயற்கை எய்தினார்.

அவரைப் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அவருடைய தாள்களைப் பாதுகாப்பாக ஏற்றுக்கொண்ட காப்பகத்தாருக்கும், இறுதிக் கடன்களில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், தொலைவிலிருந்து வந்திருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

தனபாலன் அவர்களுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயருக்குப் பக்கத்தில் என்ன போடட்டும், குடும்ப நண்பர் என்று போடலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"மாணவர்னு போடுங்கக்கா," என்றார்.