என் ஜோடி கேட்ட உப்பு ஒத்தடம்

தோள்வலியால் நாலு வாரமாக நான் பெத்தாங் ஆட்டத்தில் சின்னக் கட்டையைக் குறிவைத்து வீசும் இரும்புக் குண்டைத் தொடவில்லை. டாக்டர் சொன்ன ஓய்வு, தினமும் வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம். இன்று தோள் சரியாகி, ஆசையோடு லாஸ்பேட்டை மைதானத்துக்குப் போனேன்.

ஆட்டத்தில் என் ஜோடியான சேகர் புது ஆள் ஒருவரோடு ஆடிக்கொண்டிருந்தான். அந்த ஆள் வீசிய குண்டு ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சேகர் ஓடி வந்தான். “நல்லவேள வந்துட்டீங்கணா! இவருக்குத் தோள் லேசா புடிச்சிருக்கு, ஞாயித்துக்கிழம ஃபைனலு. அந்த உப்பு ஒத்தடம் எப்படிணா குடுக்கறது?”

என் தோளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தேன். “ஆனா நாலு வாரம் கையத் தூக்கவே கூடாதுப்பா” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் எனக்குச் சொன்னதைத்தானே சொன்னேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.