நீல நகத்து மாப்பிள்ளை

டாக்டர்களைப் பற்றி எனக்கு அந்த வயதில் இருந்த சந்தேகங்களுக்கு அளவே கிடையாது. வயிறு வலித்தாலும் கால் வலித்தாலும் ஏன் நாக்கையே நீட்டச் சொல்கிறார்கள்? டாக்டருக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடுவது யார்? தனக்குத் தானே போட்டுக்கொள்வதென்றால் பின்பக்கம் கை எட்டுமா? அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அவருக்காவது புரியுமா? வீட்டில் யாரைக் கேட்டாலும், "போய் வேலையப் பாருடி" என்று விரட்டினார்கள். என் கேள்விகளுக்கு மரியாதை கொடுத்தவர் சித்தப்பா ஒருவர்தான். "எல்லாத்தையும் மனசுல வச்சுக்க. ஒரு நாள் டாக்டரையே பாத்து கேட்டுடலாம்" என்பார்.

சித்தப்பா அப்பாவுக்கு இளையவர். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய சாயப் பட்டறை இருந்தது. கொதிக்கிற செப்பு அண்டாவில் பட்டு நூலை முக்கி எடுப்பதுதான் வேலை. எந்தச் சாயம் போட்டாலும் அது அவர் கையிலும் ஏறிவிடும். அந்த வாரம் தெருவில் என்ன நிறத்துப் புடவை நெய்கிறார்கள் என்பதை அவர் விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம். என்ன தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் மட்டும் சாயம் போகாது. எங்களுக்கு அது கண்ணில் படுவதுகூட இல்லை.

அவருக்கு அடுத்த தெருவில் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் பெண் வீட்டில் போய், மாப்பிள்ளைக்கு இளைப்பு இருக்கிறது, இருமுகிறார் என்று பற்ற வைத்துவிட்டார். டி.பி. என்ற சொல்லைக் கேட்டாலே தறிக்காரத் தெருக்கள் நடுங்கிய காலம் அது. மறுநாளே பெண்ணின் மாமா வந்து நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கபா. பெரிய காஞ்சிபுரத்துல புதுசா ஒரு டாக்டரு வந்துகிறாரு. ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துடலாம். நானும் கூட வரேன்" என்றார்.

டாக்டர் தலையை ஆட்டினால் கல்யாணம், உதட்டைப் பிதுக்கினால் இல்லை. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. அம்மா காமாட்சிக்கு வேண்டிக்கொண்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. ஒரு டாக்டரைக் கிட்டத்தில் பார்க்கப் போகிறேன்! நானும் வந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். சித்தப்பா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்தார். வழியெல்லாம் அவர் ஏறி மிதிக்கவே இல்லை, தள்ளிக்கொண்டேதான் வந்தார். சவாரி சீக்கிரம் முடிந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

டாக்டர் இளவயசுக்காரர். தெற்குச் சீமையிலிருந்து வந்தவராம். நான் நினைத்து வைத்திருந்ததுபோல நரைத்த மீசையோ தொந்தியோ இல்லை. எங்கள் முறை வந்ததும் உள்ளே போனோம். சித்தப்பா வேர்வையைத் துடைப்பதாக நினைத்து, புறங்கையால் மீசைக்குக் கீழே ஒரு இழு இழுத்துக்கொண்டார். அந்த வாரம் தெருவெங்கும் மயில்கழுத்து நிறத்துப் புடவைகள். அவர் கையில் கனமான நீலம் ஏறியிருந்தது, அதில் கொஞ்சம் இப்போது உதட்டுக்கும் வந்துவிட்டது.

டாக்டர் நாடி பார்க்கக் கையை நீட்டச் சொன்னார். சித்தப்பா நீட்டினார். டாக்டரின் கண் விரலுக்குப் போயிற்று, விரலிலிருந்து உதட்டுக்கு வந்தது. அவ்வளவுதான். நாற்காலி சரிய எழுந்துவிட்டார்.

"படுங்க! பேசாதீங்க! அசையாதீங்க!" என்று கத்தினார். கம்பவுண்டரை ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிவரச் சொன்னார். ஒரு ஆளை வண்டி பிடிக்கத் துரத்தினார். சித்தப்பாவை மேசைமேல் கிடத்திச் சட்டைப் பொத்தான்களை இரண்டு கையாலும் பிய்த்தார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து முண்டியடித்தார்கள். பெண்ணின் மாமா பேயறைந்த மாதிரி சுவரோரம் ஒட்டிக்கொண்டு, "காமாட்சி, காமாட்சி" என்றார். நான் பயந்துபோய் அழ ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு பிரமாதமான ஒன்று நடந்ததே இல்லை. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டுமென்று ஒரு முக்காலிமேல் ஏறி நின்றுகொண்டேன்.

கம்பவுண்டர் உள்ளூர்க்காரர், பருத்த மனிதர். சிலிண்டரை உருட்டிக்கொண்டு மூச்சு வாங்க வந்தவர், மேசைமேல் கிடந்தவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இவருக்கா? இவரு சாயம் போடறவரு சார். இந்த வாரம் நீலம். போன வாரம் வந்திருந்தா அரக்கு சார்."

டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து சித்தப்பாவின் உதட்டைத் துடைத்தார். பஞ்சு நீலமாயிற்று, உதடு சிவப்பாயிற்று. வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். டாக்டரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ரத்தத்தில் காற்று குறைந்துபோனால்தான் நகமும் உதடும் நீலம் பாயுமாம். கல்லூரியில் அப்படித்தான் படித்தாராம். காஞ்சிபுரத்துக்கு அந்தப் பாடத்தைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும் என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்த நல்ல நேரத்தை விடக்கூடாது என்று முக்காலியில் நின்றபடியே என் கேள்விகளை அவிழ்த்துவிட்டேன். காதில் மாட்டிய குழாயைச் சித்தப்பாவின் முதுகில் வைத்துக்கொண்டே அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். நாக்கு பொய் சொல்லாதாம், அதனால்தான் அதை முதலில் விசாரிக்கிறார்களாம். அவருக்கு ஊசி என்றால் இன்னொரு டாக்டரிடம்தான் போவாராம், போகும்போது கொஞ்சம் பயமாகக்கூட இருக்குமாம். சீட்டில் எழுதுவது கம்பவுண்டருக்குப் புரிந்தால் போதுமாம். "எனக்கே சில நாள் புரியாது பாப்பா" என்றார்.

பிறகு பெண்ணின் மாமாவைப் பார்த்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, டி.பி. கிடையாது என்று சொன்னார். மாமாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார், சிலிண்டரையும் கும்பிட்டார், நல்ல சேதியை முதலில் தானே சொல்ல வேண்டுமென்று தன் சைக்கிளில் பறந்தார்.

டாக்டர் குழாயை எடுத்துவிடவில்லை. முதுகிலிருந்து முன்பக்கம் வந்து, இடப்பக்க மார்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் அடுத்த கேள்வியைத் தொடங்கியபோது விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்து படுத்ததுண்டா என்று கேட்டார். உண்டு என்றார் சித்தப்பா. இப்போது மாடிப்படி ஏறினால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சித்தப்பா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குழாயில் என்னதான் கேட்கிறது என்றேன். டாக்டர் மறுப்பார் என்று நினைத்தால், என் காதில் மாட்டிவிட்டு முதலில் என் நெஞ்சிலேயே வைத்தார். டொப், டொப் என்றது. அப்புறம் சித்தப்பாவின் நெஞ்சில் வைத்தார். நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

"சித்தப்பா, உனுக்கு உள்ள தறி ஓடுது!"

பொய்யில்லை. பலகை ஒரு தட்டு தட்டுகிறது, குறுக்கு நூலோடு நாடா சர்ரென்று ஓடுகிறது, மறுபடி பலகை தட்டுகிறது. தொப், சர்ர், தொப். என் நெஞ்சில் அந்த நடுச் சத்தம் இல்லவே இல்லை. எனக்கு இல்லாத ஒன்று சித்தப்பாவுக்கு இருக்கிறது! டாக்டர் என் தலையைத் தடவி, உனக்கு நல்ல காது என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அதற்குப்பின் கம்பவுண்டர் என்னை மருந்து கலக்கும் அறைக்கு அழைத்துப் போனார். மிக்சர் மருந்துப் புட்டியில் ஒட்டுவதற்குக் காகிதத்தை மடித்துப் பல் பல்லாக வெட்டும் வித்தையைக் காட்டினார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. நான் அதில் மூழ்கிப்போனேன். பக்கத்து அறையில் பேசியது காதில் விழாமல் இல்லை. நெஞ்சுக்குள் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றார் டாக்டர். மாதா மாதம் ஊசி, கனமான எதையும் தூக்கக்கூடாது, ஒருமுறை சென்னைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், ஜாக்கிரதையாக இருந்தால் ரொம்ப காலம் ஓட்டலாம் என்றார். சித்தப்பா வேறொன்று கேட்டார்.

"பண்ணிக்கலாம். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் பண்ணிக்கோங்க. நான் சொல்ல மாட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

நேராகப் பெண் வீட்டுக்குப் போனோம். அங்கே ஏக அமர்க்களம். பெண்ணின் மாமா நடுக்கூடத்தில் நின்று, டாக்டர் நாற்காலி சரிய எழுந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். காபி வந்தது, முறுக்கு வந்தது, நீல நகத்தைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். "மாப்பிள்ள, கொஞ்சம் கைய நீட்டுபா" என்று ஆளாளுக்கு இழுத்தார்கள். சித்தப்பா இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் மாமாவின் கதை அமுக்கிவிட்டது.

நல்ல பகுதியை மாமா பார்க்கவே இல்லையே என்று எனக்குத் துடித்தது. முறுக்கைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றேன். குழாயில் நான் கேட்டதைச் சொல்லி, தொப், சர்ர், தொப் என்று அபிநயத்தோடு செய்து காட்டினேன். தறிக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்கு நெஞ்சிலும் தறி என்று கூடமே உருண்டு சிரித்தது. சித்தப்பா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என்னை உள்ளே இழுத்தது. கல்யாணப் பெண். ஒல்லியாக இருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இன்னொரு தபா அந்தச் சத்தத்த செய்" என்றாள். செய்தேன். "நடுவுல சர்ருனு கேட்டுச்சா? நல்லா கேட்டியா?" சத்தியம் செய்தேன்.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாளாம். மூச்சு முட்டும்போதெல்லாம் இவள் மடியில்தான் சாய்ந்துகொள்வாளாம். அந்த முதுகில் காதை வைத்து இதே சத்தத்தைப் பல நாள் கேட்டிருக்கிறாள் இவள். அக்கா பிழைக்கவில்லை. இதெல்லாம் சித்தி வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னது. அன்றைக்கு எனக்கு, நம் சத்தத்தை ரசிக்க ஒரு ஆள் கிடைத்தாள் என்ற குஷிதான்.

"உங்க சித்தப்பா காதுல மட்டும் கேட்டுக்கினு வா. அண்டாவத் தூக்கலாம்னாரா டாக்டரு?"

கூட்டத்துக்குள் புகுந்து ஓடினேன். சித்தப்பா காதில் கேட்டேன். அவர் திடுக்கிட்டு அடுக்களைப் பக்கம் பார்த்தார். "தூக்கக்கூடாதுன்னாருன்னு சொல்லு" என்றார். ஓடி வந்து சொன்னேன்.

"இதச் சொல்லத்தான் வந்தாரா, சும்மா வந்தாரான்னு கேளு."

மறுபடி ஓட்டம். "சொல்லத்தான் வந்தேன். உங்க மாமா வாயத் தொறக்க உட்டாத்தான" என்றார் சித்தப்பா. அதையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தேன்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பாகிட்ட நானே பேசிக்கிறேன்னு சொல்லு. அண்டாவ நான் தூக்கிக்கிறேன்னு சொல்லு."

போய்ச் சொன்னேன். சித்தப்பா நீல விரல்களால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மாமாவின் கதைக்குத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து மற்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஆனால் வீடு திரும்பும்போது எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அண்டாவைத் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். அதுகூடத் தெரியாத பெண்ணைக் கட்டிக்கொண்டு சித்தப்பா எப்படிப் பிழைக்கப் போகிறாரோ என்று அம்மாவிடம் போய் முறையிட்டேன்.