கோகபின் முகம்

இஸ்பஹான் கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் என் கடைக்கு அடுத்தது மிர்சா நுஸ்ரத்துல்லாவின் கடை. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அரசவைப் பாணியில் காகிதத்தில் ஆள்படம் எழுதுவார். வில்லாக வளைந்த புருவம், நீண்ட கண், துளியளவு வாய். இளைஞனோ பெண்ணோ, முகம் அதே நிலா முகம்தான். வாங்குகிறவர்கள் கேட்டதும் அதைத்தான்.

மதியச் சாப்பாடு கொண்டுவரும்போது அவர் மனைவி கோகப் சீண்டுவாள்.

"நான் ஒரு நாளைக்கு மூக்கில்லாம வந்து நின்னாலும் உங்களுக்குத் தெரியாது. இந்தச் சீமாட்டிகளை விட்டுக் கண்ணெடுத்தாத்தானே!"

அவர் சிரிப்பார். தலை மட்டும் நிமிராது. கை ரொட்டிக்கு நீளும்.

டைபஸ் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன குளிர்காலத்தில், ஒன்பதே நாளில் கோகப் போய்விட்டாள். மகள் தாபந்தேவுக்கு நாலு வயது. வசந்தத்தில் ஒருநாள் குழந்தை கேட்டாள்:

"அப்பா, அம்மா எப்படி இருப்பாங்க? எனக்கு மறந்து மறந்து போகுது."

வீட்டில் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. "அழாதடா கண்ணு, அப்பா படம் எழுதித் தர்றேன்" என்றார்.

எழுதினார். நிலா முகம் வந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். அதுவே வந்தது. கோகபின் அக்கா ஸர்ரினை வரவழைத்து எதிரே உட்காரவைத்தார்.

"அவ தாடையில ஒரு தழும்பு இருந்துச்சே, எந்தப் பக்கம்?"

ஸர்ரின் அவரையே வெறித்துப் பார்த்தாள். "பத்து வருஷம் குடும்பம் நடத்தினீங்க, நுஸ்ரத். என்கிட்டயா கேக்கறீங்க?"

பிறகு மனம் இளகி இடது பக்கம் என்றாள். மூக்கு சற்றுத் தடிமன், ஒரு கண் கொஞ்சம் சிறிசு என்றாள். கரிக்கோட்டில் ஏதோ சாயல் தட்டியது. மை தொட்டுத் தூரிகை ஓடியதும் மூக்கு மெலிந்தது, கண் நீண்டது. பழகிய கை தன் வழியே போய்விட்டது.

"அழகா இருக்கு. ஆனா இது கோகப் இல்ல" என்றாள் ஸர்ரின்.

மிர்சா தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகை என் கடைக்குள் கேட்டது. அதன் பிறகு அவர் முகம் எழுதவே இல்லை, பூவும் பறவையும்தான். எட்டு வருஷம் கழித்து அவரும் இறந்துபோனார்.

கல்யாணமாகிப் போகும்போது தாபந்தே அவர் கடைசியாக எழுதிய அந்த முகப் படத்தைச் சட்டம் போட என்னிடம் கொண்டுவந்தாள். கோகப் ஆயிரம் முறை என் கடை வாசலைக் கடந்து போனவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வால்நட் மரத்தில் நல்ல சட்டமாகப் போட்டுக் கொடுத்தேன். இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் அது தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அம்மா" என்கிறாள்.