காக்காவின் கற்பிட்டித் திட்டம்

தந்தவனும் அல்லாஹ், திரும்ப அழைத்துக்கொண்டவனும் அவனே. இடையில் அறுபத்தொரு வருடம் என் மூத்த சகோதரர் காக்காவை எங்களோடு இருக்கவிட்டதற்கு அவனுக்கே எல்லாப் புகழும்.

காக்கா மௌத்தாகி ஒரு வருடம் நிறைகிறது. அவருக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று மச்சி, அதாவது காக்காவின் மனைவி, சொன்னார். ஒரு நிபந்தனையும் வைத்தார். “மௌத்தான மனிசன்ட புத்தகம் இது. பகிடி விடாம எழுதணும்.” முயன்று பார்த்தேன். காக்காவை நினைத்தால் அவரோடு சேர்ந்து நான் பயந்த பயம்தான் முதலில் வருகிறது. என் பயத்தைப் பகிடியும் சிரிப்பும் இல்லாமல் எழுத எனக்குத் தெரியாது. வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

காக்கா பிறந்தது சாய்ந்தமருதில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில். வாப்பா மௌத்தானபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. அவர் பள்ளிக்கூடத்தை விட்டு வாப்பாவின் தோணியில் ஏறினார். அதனால் நான் படித்து, கல்முனையில் ஒரு கந்தோரில் உத்தியோகக் கதிரை பிடித்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்ததும் காக்கா பெண் வீட்டுக்கு, பாலமுனைக்குப் போனார். அங்கும் கடல்தான் தொழில். சுனாமி எங்கள் உம்மாவையும் அவருடைய வள்ளத்தையும் ஒரே காலையில் கொண்டுபோனது. நாற்பது நாள் கழித்து இரவல் வள்ளத்தில் கடலுக்குப் போனார். “கடலோட கோவிச்சா சோத்துக்கு எங்க போற?” என்றார். நான் கடலோடு கோபித்துக்கொள்ளவில்லை. பயந்துபோய் வீட்டை மூன்று தெரு உள்ளுக்குத் தள்ளிக் கட்டிக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைகளும் அந்தப் பயத்தோடேயே வளர்ந்தார்கள். காக்காவுக்கு அது பொறுக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் சோற்றுக்கு எல்லோரும் பாலமுனையில் கூடியிருந்தபோது சொன்னார்:

“மீன் புடிக்கிறவன்ட பரம்பரை, வள்ளத்துல கால் வைக்கப் பயப்புடுது. ஆகஸ்ட் லீவுல எல்லாரும் வள்ளத்துல ஏறுறம். தூண்டில் போடுறம்.”

“இந்தக் கடல்ல என்ட புள்ளைகள ஏத்தினா நான் உம்மா வீட்டுக்குப் போயிடுவன்” என்றார் மச்சி. அவர் குடியிருந்ததே அவருடைய உம்மாவின் வீட்டில்தான் என்பதைச் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை.

“அப்ப வேற கடலுக்குப் போவம். கற்பிட்டியில தீவு தீவாக் கிடக்கு. அந்தக் கடல் எங்களுக்கு ஒண்டும் செய்யல்லியே.”

அன்றே திட்டம் ஆரம்பமானது. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் காக்கா பட்டியல் எழுதினார்: பதினொரு பேர், இரண்டு நாள், பாரை மீனுக்குப் பெரிய தூண்டில், பிள்ளைகளுக்குச் சின்னத் தூண்டில், மிதவை அங்கி, சமைக்க இரண்டு பெரிய சட்டி. அவர் எழுத எழுத நான் வராமல் இருக்க ஒவ்வொரு சாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் முழங்கால் வலி. அடுத்து தலைச்சுற்று. பிறகு கந்தோரில் கணக்காய்வு. கடைசியில் ஒரு கெட்ட கனவும் கண்டேன். ஒவ்வொன்றுக்கும் காக்காவிடம் பதில் இருந்தது. கனவுக்கு மட்டும், “இரவைக்குக் கொஞ்சமாத் தின்னு” என்றார்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது கற்பிட்டிப் படகோட்டி தொலைபேசியில் அழைத்தார். காக்கா கடலில் நிற்பதால் என் இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார். நாங்கள் காக்கா என்பதை அவர்கள் பக்கத்தில் நானா என்பார்கள்.

“நானா, இது கச்சான் காத்து அடிக்கிற மாசம். வெளிக்கடல் சரியில்ல. களப்புக்குள்ள உள்ள தீவுகளுக்கு மட்டும் போவமே.”

உடனே பாலமுனைக்கு ஓடினேன். ஆனால் எனக்கு ஒரு பிறவிக் கோளாறு இருக்கிறது. பயம் வந்தால் சிரிப்பு வரும். படகோட்டி சொன்னதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். பகிடி என்று நினைத்து வீடே சேர்ந்து சிரித்தது.

“கச்சான்ல கடல் அடிக்குமாம்” என்றார் காக்கா. “நாப்பது வருசம் கடலுக்குப் போறவனுக்கு, கந்தோர்ல பேன் காத்துக்குக் கீழ இரிக்கிறவன் சொல்றான். இது அஞ்சாவது சாட்டு. எழுதி வைங்க.”

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கிழக்குக் கரையில் கச்சான் என்பது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அது அடிக்கிற மாதங்களில் எங்கள் கடல் விரித்த பாய் போலக் கிடக்கும். பாலமுனையில் எந்த மீனவரைக் கேட்டாலும் இதையே சொல்வார். அதே காற்று நாட்டின் மறுபக்கத்தில், மேற்கே கற்பிட்டியில், கடலிலிருந்து கரைக்கு வருகிறது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

கற்பிட்டிக் களப்பு, அலை வராத அந்த உள்கடல், முதலில் எங்களை நன்றாக ஏமாற்றியது. சேற்றில் வேரூன்றிய கண்ணாமரங்கள், சின்னச் சின்னத் தீவுகள், முழங்கால் ஆழத் தண்ணீர். பிள்ளைகள் தூண்டில் போட்டு நாலு சின்ன மீன் பிடித்தார்கள். மச்சிகூடச் சிரித்தார். காக்கா படகோட்டியிடம் கேட்டு எஞ்சின் பிடியை வாங்கிக்கொண்டார்.

“முகத்துவாரத்துக்கு இங்காலேயே நிப்பம், பெரிய நானா” என்றார் படகோட்டி.

“ஒரு எட்டுப் பாத்திட்டு வருவம் தம்பி. பாரை வெளியிலதான் நிக்கும்.”

களப்பு வெளிக்கடலில் சேரும் முகத்துவாரம் தாண்டியதும் படகின் மூக்கு மேலே போனது. பிறகு கீழே விழுந்தது. அறைந்த சத்தத்தில் சட்டிகள் உருண்டன. அடுத்த அலை இன்னும் உயரம். உப்புத் தண்ணீர் எல்லோர் தலையிலும் கொட்டியது. என் கடைசி மகள் என் சட்டைப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் அழுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இருந்தாள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் என் முகத்துக்கு வரவில்லை.

காக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். காற்று கடலிலிருந்து நேர் முகத்தில் அடித்தது. அந்த முகத்தை நான் முன்பு கண்டதில்லை. உம்மாவைத் தேடித் திரிந்த நாட்களில்கூட அவர் முகம் அப்படி வெளிறியதில்லை. அலையைவிட அந்த முகம்தான் என்னை நடுங்க வைத்தது. பதினொரு பேரையும் கூட்டி வந்தவர் அவர். நாற்பது வருடம் கடலை அறிந்தவர் என்ற பெயரை நம்பித்தான் மச்சியே படகில் ஏறியிருந்தார். மேற்கொண்டு போகவும் முடியாது. திரும்பினால் படகு அலைக்குக் குறுக்கே நிற்கும்.

அவர் அதிகம் யோசிக்கவில்லை. “தம்பி, இது எனக்குத் தெரிஞ்ச கடல் இல்ல. நீங்க புடிங்க” என்று பிடியைக் கொடுத்தார். பிறகு படகின் அடித்தளத்தில், தண்ணீருக்குள்ளேயே, ஒரு பயணியைப் போல உட்கார்ந்து பிள்ளைகளைத் தன் கால்களுக்கு நடுவே இழுத்து அமுக்கிக்கொண்டார். “எல்லாரும் கீழ இரிங்க. கலிமாச் சொல்லுங்க.”

படகோட்டி இரண்டு பெரிய அலைகளைப் போகவிட்டார். மூன்றாவதற்கு முன் திருப்பினார். படகு ஒருக்களித்தது. மச்சி “யா அல்லாஹ்” என்றது கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். களப்புக்குள் வந்து எஞ்சின் சத்தம் தணிந்து, மகள் என் கண்ணிமையை விரலால் திறந்து பார்க்கும் வரை மூடியே இருந்தேன்.

அதன் பிறகு காக்கா ஐந்து வருடம் இருந்தார். நெஞ்சு வலி வந்த பின் கடலுக்குப் போவதை விட்டார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். பயந்தேன், சிரித்தேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஒரு திங்கட்கிழமை லுஹர் தொழுகைக்குச் சற்று முன் அவர் உயிர் பிரிந்தது.

ஜனாஸா வீட்டில் மௌத்தானவருக்காக நெருங்கிய ஒருவர் எழுந்து, மனம் நோகும்படி ஏதும் நடந்திருந்தால் மாப்புச் செய்யுங்கள் என்று கேட்பது வழக்கம். நான் எழுந்து கேட்டேன். எல்லோரும் மாப்புச் செய்தோம் என்றார்கள். அவர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், கப்று வெட்டியவர்களுக்கும், மூன்று நாள் சமைத்து அனுப்பிய பாலமுனை அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கற்பிட்டிப் படகோட்டி செய்தி கேட்டு, பஸ் மாறி மாறி, அடக்கிய மறுநாள் வந்து சேர்ந்தார். அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய் காக்காவுக்காகத் தனியாக மாப்புக் கேட்டேன்.

“அவர் அண்டைக்கே கேட்டுட்டார் நானா” என்றார் அவர். “திரும்பி வாற வழியில. நீங்க கண்ண மூடிக்கிட்டு இருந்தீங்க, எஞ்சின் சத்தத்துல கேட்டிருக்காது. ‘தம்பி, டெலிபோன்ல சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், மாப்புச் செய்ங்க’ எண்டார். பொறகு உங்களக் காட்டி, ‘இவன் சொன்னதும் சரிதான். ஆனா அத இவனிட்டச் சொல்லிராதீங்க. பொறகு சொல்லிச் சொல்லியே எங்கள ஊருல இருக்க விடமாட்டான்’ எண்டார்.”

ஒரு வருடம் ஊரில் ஒருவரிடமும் இதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். இன்று எழுதிவிட்டேன். காக்கா என்னை மாப்புச் செய்யட்டும்.