வேங்கிக்காலுக்குப் போன சீர்

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று இருந்தது. பின்னால் மாட்டிக்கொள்ள, பட்டறையில் சொல்லிச் செய்த சின்ன டிரெய்லர். கீழ்பென்னாத்தூரை ஒட்டிய எங்கள் நிலத்துச் சேற்றிலிருந்து வேர்க்கடலை மூட்டைகளை இழுத்துவர அதை விட்டால் வேறு வண்டி கிடையாது.

என் ஒரே மகளுக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. வேங்கிக்காலில் அவள் புகுந்த வீட்டில் சீர்ச் சாமான்களை இறக்க வேண்டும். டெம்போ அனுப்புவதாகச் சம்பந்தி சொன்னார். “என் பொண்ணு சாமான நானே எடுத்தாறேங்க” என்றுவிட்டேன். வறட்டுப் பிடிவாதம்தான். மனைவி இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அவள் போய் ஆறு வருஷம்.

பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் சாமான் வாசற்படி தாண்டிவிட வேண்டும். தவறினால் பன்னிரண்டு வரை தெருவில்தான். எட்டரைக்கே ஏற்றியாகிவிட்டது. இறக்கச் சுலபமாக இருக்குமே என்று பீரோவையும் கிரைண்டரையும் கடைசியில் வைத்தது என் புத்திசாலித்தனம். வயல் பாதையில் ஊர்ந்து வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. தார் ரோட்டில் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. பின்பாரம்! ஜீப்பையே பின்னால் தூக்கி இடமும் வலமுமாக இழுத்தது.

புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். ஒரு கை கொடுக்க யாருமில்லை. மெத்தையை இறக்கி, கிரைண்டரை முன்னால் நகர்த்தி, பீரோவை அங்குலம் அங்குலமாக நெட்டித் தள்ளிக் கயிறு கட்டினேன். சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்துவிட்டது.

அப்போது மணி ஒன்பதே முக்கால். வண்டி இப்போது சொன்ன பேச்சு கேட்டது. முடுக்கியிருந்தால் நேரத்துக்குப் போயிருக்கலாம். முடுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக வீட்டில் நான் பேசியது ரேடியோவோடு மட்டும்தான். இதை இறக்கிவிட்டால் மகளுக்கு நான் செய்ய வேண்டியது என்று எதுவும் மிச்சமிருக்காது. சைக்கிள்காரர்கள்கூட என்னை முந்திக்கொண்டு போனார்கள். டவுனில் நிறுத்தி ஒரு டீ வேறு குடித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. “பரவால்ல சம்பந்தி, உள்ள வாங்க. பன்னெண்டுக்கு மேல எறக்கிக்கலாம்” என்றார் அவர். சாமானுக்குக் காவல் வேண்டாமா என்று சொல்லி டிரெய்லர் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். மகள் தண்ணீர்ச் சொம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இங்கே தண்ணீர் உப்பாம். மாமியார் ரசத்தில் வெல்லம் போடுகிறாராம். இப்படியே பேசிக்கொண்டிருந்தாள்.

“சாப்ட்டியாப்பா?”

“ஆச்சும்மா” என்றேன். பொய்.

“வேணும்னேதான லேட்டா வந்த?”

நான் தெருக்கோடியில் தெரிந்த மலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

பன்னிரண்டானதும் மாப்பிள்ளை நாலு பேரோடு வந்தார். எனக்கு அரை மணிக்கு மேல் தண்ணி காட்டிய பீரோ ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டது. மகள் கிரைண்டர் மூடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அதற்குமேல் அங்கே நிற்க என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.